மனோன்மணி டீச்சரின் நீர்மூழ்கி

போன கிழமை பட்டறையிலிருந்து போன் வந்தது. தர்ஷன் பேசினான். நான் ஓய்வு எடுத்த பிறகு என் வாங்குப் பலகையில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் அவன்தான். நல்ல கைக்காரன். ஆனால் சாமானைக் கெடுத்த பிறகுதான் என் நம்பர் ஞாபகம் வரும்.

"ராணியக்கா, நீர்மூழ்கி ஒண்ணு செய்றோம். ஹோட்டல்காரர் ஒருத்தர் கேட்டாரு, அவங்க நீச்சல் குளத்துல ஓட விடணுமாம். மேல நல்லா ஓடுது. தண்ணிக்குள்ள போனதும் ரிமோட் கேக்க மாட்டேங்குது. அப்பிடியே அடியில போய் உட்கார்ந்திருச்சு."

"எந்த ரிமோட்டு போட்டீங்க?"

"புதுசுதான் அக்கா. நல்ல சாமான்."

"அடப் பாவி, புதுசு போட்டா அப்பிடித்தான். அது ஆகாயத்துல பறக்குறதுக்குச் செஞ்சது. ஒரு சாண் தண்ணிக்குக் கீழ அதுக்குக் காது கேக்காது. மேல் அலுமாரியில பழைய நாப்பது மெகா ரிமோட்டு செட்டு கிடக்கும், நீள ஏரியலோட. அதை எடுத்துப் போடு."

"அது இன்னும் வேலை செய்யுமா அக்கா?"

"நான் வேலை செய்றேன்ல? அது செய்யாதா? போ, போய்ப் பாரு."

அவன் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான். நான் தேத்தண்ணி ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பழைய செட்டைக் கடைசியாகப் பிடித்தது என் கை அல்ல. மனோன்மணி டீச்சரின் கை. அதை நினைத்ததும் பட்டறையின் எண்ணெய் வாசம், முதலாளி நானாவின் இருமல், எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. எழுதி வைக்கச் சொல்லி என் மகள் பல காலமாக நச்சரிக்கிறாள். சரி, எழுதுகிறேன்.

நான் மாத்தளைப் பக்கம் உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பா புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் உலர்த்துகிறவர். நானும் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த ஃபெக்டரியிலேயே ஷீட் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலால் இழுத்துப் பார்த்து, இது நல்லது, இது கழிவு என்று பிரிக்க வேண்டும். சில வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். தோட்டம் நொடிந்து ஆட்களைக் குறைத்தபோது எனக்கும் வேலை போயிற்று. வேலை கேட்டு ரெயில் ரோட்டுப் பக்கம் இருந்த மர்சூக் நானாவின் பட்டறைக்குப் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்தப் பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே கதவு, ஜன்னல், கேட் ஒன்றும் செய்வதில்லை. ஓடுகிற மாதிரிகள் மட்டும்தான். கண்காட்சிக்கு அணைக்கட்டு, தொழிற்கல்லூரிக்குக் குறுக்காக வெட்டிய என்ஜின், வசதியானவர்கள் வீட்டுக்கு ரெயில். யார் எதைக் கேட்டாலும் அளவு எடுத்து, அவருக்கென்றே ஒன்று செய்து கொடுப்போம். இரண்டாவது ஒன்று செய்ய மாட்டார் நானா.

நானா என்னிடம் என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. இரண்டு ரப்பர் வளையத்தைக் கையில் தந்து, "எது பழசு?" என்று கேட்டார். இரண்டையும் காதருகே வைத்து நெரித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் பழசு" என்றேன். "நாளைக்கு வாங்க தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த இன்டர்வியூ. அன்றிலிருந்து தண்ணீர் கசியக் கூடாத எதுவும் என் வாங்குக்குத்தான் வரும்.

நானா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கோபத்தை எங்களுக்கு அளக்கத் தெரியும். பிழை கண்ணில் பட்டால் கண்ணாடியைக் கழற்றி, இடுப்பில் கட்டிய சாரத்து நுனியால் துடைக்கத் தொடங்குவார். கொஞ்ச நேரம் துடைத்தால் சின்னப் பிழை. துடைத்துக்கொண்டே இருந்தால் பெரிய பிழை. ஒரு முறை கண்காட்சிக்குச் செய்த அணைக்கட்டு கசிந்து, பார்க்க வந்த பெரியவரின் சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. நானா அன்று துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்துபோகும் என்று பயந்தேன். கடைசியில் அதை மூக்கில் மாட்டிக்கொண்டு, "தங்கச்சி, தண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது, பாத்தீங்களா" என்றார். அதற்குப் பிறகு என் கையால் செய்த ஒன்றும் கசிந்ததில்லை.

மனோன்மணி டீச்சர் பட்டறைக்கு வந்தது கொரோனாவுக்குக் கொஞ்சம் முந்தி. எனக்கு அவரை நன்றாகத் தெரியும். என் மகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர். வெளிர் நிறத்தில் கரை இல்லாத சேலை, நெற்றியில் ஒரு கோடு திருநீறு, இறுக்கிக் கட்டிய கொண்டை. அந்தக் கொண்டையில் ஒரு பூ இருந்து நாங்கள் யாரும் கண்டதில்லை. ஊருக்கே அந்தக் கதை தெரியும். கல்யாணமான கொஞ்ச காலத்தில் புருசன் சந்திரன் கப்பல் வேலைக்குப் போனார். சாமான் ஏற்றுகிற கப்பலில் என்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. திருகோணமலைக்கு அப்பால் எங்கோ புயலில் அந்தக் கப்பல் போய்விட்டது. ஆளைக் காணவில்லை என்று ஒரு தந்தி வந்தது. உடம்பு வரவில்லை.

உடம்பு வராவிட்டால் என்ன, புருசன் வீட்டார் நாள் குறித்து, பெண்களைக் கூட்டி, அவர் பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது சொச்ச வயதுப் பிள்ளை அப்போது. எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் எங்கள் வாங்கில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பாடம் தொடங்குவது போல் நிதானமாகச் சொன்னார்.

"நானா, எனக்குத் தண்ணிக்குள்ள போற படகு ஒண்ணு வேணும். ரிமோட்ல ஓடணும். வயித்துல சின்னதா ஒரு கதவு இருக்கணும். கீழ போனதும் நான் அந்தக் கதவைத் திறப்பேன். உள்ள இருக்குறது விழணும். பிறகு படகு மேல வரணும்."

"உள்ள என்ன வைக்கப் போறீங்க டீச்சர்?"

"பூ."

டீச்சரே தொடர்ந்தார். "வருசா வருசம் அவரு வீட்டை விட்டு இறங்கின நாள்ல திருகோணமலைக்குப் போறேன். கடல்ல பூப் போடுறேன். ஒரு வருசம் கூட அது உள்ள போகல நானா. அலை கொண்டு வந்து என் கால்லயே போட்டுட்டுப் போகுது. சுத்தி நிக்கிறவங்க பார்ப்பாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்."

நானா தயங்கித் தயங்கிக் கேட்டார். "கோவிச்சுக்காதீங்க. ஒரு கல்லுல கட்டி எறிஞ்சாலே பூ அடிக்குப் போகுமே டீச்சர். இவ்வளவு பெரிய வேலை என்னத்துக்கு?"

"கல்லு போகும். திரும்பி வராது." டீச்சர் குரல் அப்போதுதான் உடைந்தது. "அந்தக் கடலுக்குள்ள போன ஏதாவது ஒண்ணு திரும்பி வர்றத நான் ஒரு தடவை பார்க்கணும். அவ்வளவுதான் நானா. என் கையால அனுப்பி, என் கையால திருப்பிக் கூப்பிடணும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நானா கண்ணாடியைக் கழற்றினார். பிழையே இல்லாத இடத்தில் அவர் கண்ணாடி துடைத்து அன்றுதான் பார்த்தேன். "போனா வரணும்" என்றார். "வராத சாமான நான் செய்யல்ல டீச்சர். செஞ்சு தாரன்."

அப்படித் தொடங்கியது அந்த வேலை. தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற தடித்த பைப்பில் உடம்பு. இரண்டு முனைக்கும் நானா லேத்தில் கடைந்த பித்தளை மூடி. உள்ளே ஒரு பெரிய ஊசிமருந்துக் குழாய் மாதிரி ஒரு தொட்டி. சின்ன மோட்டார் அதன் தண்டை இழுத்தால் தண்ணீர் உள்ளே வரும், படகு கனத்து இறங்கும். தண்டைத் தள்ளினால் தண்ணீர் வெளியே போகும், படகு மேலே வரும். நீர்மூழ்கி என்பது இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாத இடத்தில் போனால் எல்லாம் முடிந்தது.

மூடியின் பள்ளத்தில் ரப்பர் வளையம் உட்கார வைப்பது என் வேலை. பள்ளத்தைப் பழைய வேட்டித் துணியால்தான் துடைக்க வேண்டும். புதுத் துணியில் நூல் பிரியும், தலைமயிர் அளவு நூல் போதும் தண்ணீருக்கு வழிகாட்ட. வளையத்துக்குக் கிரீஸ் தடவுவதும் மினுக்கம் தெரிகிற அளவுக்குத்தான். அள்ளிப் பூசினால் வளையம் வழுக்கி இடம் மாறும். மூடியைத் திருகும்போது ரப்பர் கொஞ்சம் முனகும். அந்த முனகல் நின்ற பிறகு ஒரு சுற்றுக்கூடத் திருகக் கூடாது. பிறகு என்னுடைய சொந்தப் பரீட்சை. கடுதாசித் துண்டில் பள்ளிக்கூடத்து ஊதா மையால் நாலு கோடு போட்டு உள்ளே வைத்து மூடிவிடுவேன். பீப்பாய்த் தண்ணீரில் ஒரு நாள் முழுக்கக் கிடக்கும். ஈரம் எட்டிப்பார்த்தால்கூடக் கோடு பூத்துவிடும். டீச்சரின் படகில் என் கோடுகள் கோடுகளாகவே இருந்தன.

நானாவின் வேலை அதைவிட நுணுக்கம். பீப்பாய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டு, படகை ஒரு விரலால் அமத்தி விடுவார். மூக்கு முன்னால் வருகிறதா, வால் முன்னால் வருகிறதா என்று பார்ப்பார். அடிவயிற்றில் ஈயத்தை ஒரு நகக்கண் நகர்த்துவார். மறுபடி அமத்துவார். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "நானா, புள்ளைக்குத் தொட்டில் ஆட்டுற மாதிரி இருக்கு" என்பேன். "உங்கட வாய்க்கும் ஒரு வளையம் போடணும் தங்கச்சி" என்பார்.

'போனா வரணும்' என்பதற்கு அவர் ஒரு ஏற்பாடு செய்தார். ரிமோட்டின் சத்தம் படகுக்குக் கேட்காமல் போனால், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தொட்டித் தண்ணீரைத் தானாகவே வெளியே தள்ள வேண்டும். எவ்வளவு நேரம் பொறுப்பது? நானா தொழுகையில் ஓதுகிற பாத்திஹாவை ஒரு தடவை நிதானமாக ஓதி முடிக்கிற நேரம். அதை வைத்துத்தான் அளவு பிடித்தார். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த நேரம் உடம்பில் பதிந்துவிட்டது. ரிமோட்டை அணைப்போம், நானா வாய்க்குள் ஓதுவார், ஆமீன் சொல்லும்போது படகு முதுகைக் காட்டும்.

மாத்தளைக்கு அப்பால் இருக்கிற நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு வெவவில் ஓட விட்டுப் பார்த்தோம். வெவ என்றால் எங்கள் பக்கத்தில் குளம். குளிக்க வந்த ஒரு சிங்களப் பெரியவர் கரையில் நின்று, "மொகத மே, மாளுவத?" என்று கேட்டார். இது என்ன, மீனா என்று. டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு ரிமோட்டு லீவரைக் கீழே அமத்திப் பிடித்தார். அமத்திப் பிடித்தால் படகு இறங்கும், விட்டால் நின்ற இடத்தில் நிற்கும், மேலே தள்ளினால் வரும். ஆள் மட்டத் தண்ணீருக்குள்ளும் சொன்னதைக் கேட்டது. பொத்தானை அமத்தினார், வயிற்றுக் கதவு திறந்தது, கல் விழுந்தது.

அந்தக் கல் எங்கள் ஊர் ஆறு, சுது கங்கையில் எடுத்தது. சந்திரன் குளித்த துறையிலிருந்து டீச்சரே பொறுக்கி வந்த உருண்டைக் கல். பூ தனியாகப் போனால் மிதக்கும் அல்லவா? அதனால் மல்லிகைச் சரத்தை அந்தக் கல்லில் சுற்றி உள்ளே வைப்பதாக ஏற்பாடு. வெவவின் அடியிலிருந்து கல்லை அந்தப் பெரியவரே முங்கி எடுத்துத் தந்தார். நாங்கள் மூன்று பேரும் கெட்டிக்காரர்கள் என்று அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டோம்.

டீச்சரின் நாள் வந்தது. காலையில் மாத்தளைக் கோயில் வாசலில் வேனை நிறுத்தினோம். பூக்காரி செல்வி அவரைக் கண்டதும் கேட்டாள், "கடலுக்கா டீச்சர்?" வருசா வருசம் கேட்கிற கேள்வி. "ஆமா செல்வி, ரெண்டு முழம்." செல்வி வாழையிலையில் சுருட்டித் தந்தாள். தம்புள்ளை, ஹபரணை எல்லாம் தாண்டி, வழியில் வாங்கிய பாண் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, திருகோணமலைக் கரைக்கு வந்து சேர்ந்தோம். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகை ஒரு பிள்ளையைப் போல விட்டார்.

டீச்சர் லீவரை அமத்தினார். மோட்டார் சத்தம் கேட்டது. தொட்டி நிறைந்தது. படகு இறங்கவில்லை. முதுகை வெளியே வைத்துக்கொண்டு அலையில் ஆடியது. நானா விரலால் அமத்தினார். தக்கை மாதிரி மேலே வந்தது. நான் மூடியைச் சந்தேகப்பட்டேன். நானா மோட்டாரைச் சந்தேகப்பட்டார். கழற்றிப் பார்த்து, மாட்டிப் பார்த்து, ஒன்றும் பிடிபடவில்லை. நானா கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார், அதிலும் உப்பு.

திடீரென்று டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார். "முட்டை! ராணி, முட்டை!"

"என்ன முட்டை டீச்சர்?"

"உங்க மகள்கிட்ட கேளுங்க! வருசா வருசம் வகுப்புல செஞ்சு காட்டினேனே! நல்ல தண்ணியில போட்டா முட்டை தாழும். உப்பைக் கரைச்சுப் போட்டா மிதக்கும். உப்புத் தண்ணி தூக்கும் ராணி! நம்ம படகை வெவத் தண்ணிக்கு எடை பிடிச்சு எடுத்துக்கிட்டுக் கடலுக்கு வந்திருக்கோம்!"

நாங்கள் மலைநாட்டுக்காரர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஆறும் வெவவும் மலை ஊற்றுப் பீலியும்தான். படகு கடலுக்கென்று முதல் நாளே தெரியும். ஆனாலும் முப்பது வருடம் அதைப் படிப்பித்தவருக்கும், ஈயத்தை நகக்கண் அளவில் நகர்த்தியவருக்கும், எனக்கும், ஒருத்தருக்குக்கூட உப்பு ஞாபகம் வரவில்லை. கரையோரத்தில் பிறந்த எவனும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டான்.

மீன்பிடிச் சாமான் கடையில் தூண்டில் ஈயம் வாங்கி வந்து, நானா மறுபடி குந்தினார். அலைக்கு நடுவே விரலால் அமத்தி, ஈயத்தைச் சேர்த்து, கழற்றி, சேர்த்து. தொட்டியைக் காலியாக்கினால் மிதக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். மிதந்தது. வால் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நாடா கட்டினேன். டீச்சர் மல்லிகை சுற்றிய கல்லை இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றி, கதவுக்குள் வைத்தார்.

இந்த முறை இறங்கியது. அழகாக, மூக்கை லேசாகத் தாழ்த்தி, சிவப்பு நாடா ஒரு தரம் சுழன்று, உள்ளே போய்விட்டது. டீச்சர் மூச்சை விட்டார். பிறகு கதவுப் பொத்தானை அமத்தினார். பிறகு லீவரை மேலே தள்ளினார். நாங்கள் காத்திருந்தோம்.

வரவில்லை.

டீச்சர் திரும்பத் தள்ளினார். வரவில்லை. அப்போது எங்களுக்குத் தெரியாது, உப்புத் தண்ணீருக்குள் எந்த ரேடியோவும் போகாது என்பது. பழையதும் ஒன்றுதான், புதியதும் ஒன்றுதான். தண்ணீர் தலைக்கு மேலே மூடிய நொடியே படகுக்குக் காது அடைத்துவிட்டது. நானா ஓதத் தொடங்கினார். எனக்கும் அந்த நேரம் உடம்பில் ஓடியது. ஆமீன் என்றார். கடல் கடலாகவே இருந்தது. மறுபடி ஓதினார். டீச்சரின் முகத்தில் இரத்தமே இல்லை. எதை அமத்துகிறோம் என்று தெரியாமல் லீவரைக் கீழே இழுத்து, விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தார்.

"போச்சு ராணி. அதுவும் போச்சு."

இந்தப் பெண்ணுக்குக் கடல் இன்னொரு தடவை இதையே செய்ய வேண்டுமா? திட்டக்கூட வாயெடுத்தேன், அந்தக் கடலை. அப்போதுதான் தூரத்தில் ஒரு சிவப்பு தெரிந்தது. கண் இமைப்பதற்குள் முங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் தள்ளி, மறுபடி சிவப்பு. மறுபடி முங்கியது. எனக்கு அப்போது விளங்கிவிட்டது. நானாவின் ஏற்பாடு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. படகு தானாகவே மேலே வருகிறது. வந்ததும் அதற்குக் காது கேட்கிறது. கேட்பது டீச்சர் அமத்திப் பிடித்திருக்கிற லீவரின் சொல். இறங்கு என்கிறது. அது இறங்கிவிடுகிறது.

"டீச்சர், கையை எடுங்க!"

"விட்டா போயிடும் ராணி!"

"பிடிச்சா தான் போகுது! விடுங்க டீச்சர், விடுங்க!"

அவரால் விட முடியவில்லை. விரல் மரத்துப்போயிருந்தது. நான் போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ இறுகின மூடியைக் கழற்றியிருக்கிறேன், அது மாதிரி இறுக்கத்தைக் கண்டதில்லை. கடைசி விரல் விட்டதும் லீவர் டக்கென்று நடுவுக்கு வந்து நின்றது. நானா மூன்றாவது முறை ஓதினார், இந்த முறை சத்தமாக.

அலைக்கு நடுவில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரை ஓரமாக வந்துகொண்டிருந்த ஒரு வள்ளக்காரத் தம்பிதான் கையைத் தூக்கிக் கத்தினான். "அக்கா, இது உங்கட சாமானா? அங்கால மிதந்துகொண்டு கிடந்தது!" சிவப்பு நாடா அவன் கையில் தொங்கியது.

டீச்சர் சேலையோடு தண்ணீருக்குள் ஓடினார். படகை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "வந்துட்டியா, வந்துட்டியா" என்று அழுதார். நானும் அழுதேன். நானா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வள்ளக்காரத் தம்பியோடு மீன் விலை பேசினார். பிறகு மூடியைக் கழற்றினோம். என் ஊதாக் கோடுகள் நாலும் அப்படியே இருந்தன.

வயிற்றுக் கதவு மூடியபடியே இருந்தது. அதற்குத்தான் காது கேட்கவில்லையே. திறந்து பார்த்தால் கல்லும் இருக்கிறது, மல்லிகையும் இருக்கிறது. நனைந்து, ஆனால் ஒரு பூ உதிராமல்.

இவ்வளவும் செய்து, பூ இந்த வருசமும் திரும்பி வந்துவிட்டது. நானாவின் கை கண்ணாடிக்குப் போயிற்று. "இன்னொருக்கா அனுப்புவமா டீச்சர்? மேல வச்சே கதவு தொறக்கிற மாதிரி..."

"வேணாம் நானா."

டீச்சர் கல்லிலிருந்து சரத்தை மெதுவாகப் பிரித்தார். முழுவதும் பிரித்து இடது கையில் வைத்துக்கொண்டு, கல்லை வலது கையால் வீசி எறிந்தார். டீச்சருக்கு அவ்வளவு தூரம் எறிய வரும் என்று நான் நினைக்கவில்லை. "கல்லு உங்களுக்கு" என்றார் கடலைப் பார்த்து. "பூவை எத்தனை தடவை திருப்பி அனுப்பினீங்க. எனக்குத்தான் விளங்கல."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஈரச் சரம் அவர் மடியில் கிடந்தது. ஹபரணைக் காட்டு வெயிலில் வேன் முழுக்க மல்லிகையும் உப்பும் சேர்ந்து மணத்தது. நாலந்தா தாண்டியதும் அவர் தூங்கிவிட்டார். நான் அந்த வெறும் கொண்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நானா மவுத்தாகி, கண்ணை மூடி, இரண்டு பெருநாள் போய்விட்டது. பட்டறையை அவர் மருமகன் நன்றாகத்தான் நடத்துகிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மத்தியானத்தில் லேத் நிற்கிற நேரத்துக்கு எனக்குக் காது அவர் இருமலுக்கு ஏங்குகிறது. "தங்கச்சி" என்று ஒரு தடவை கூப்பிட மாட்டாரா என்று இருக்கிறது. போனால் வரணும் என்று சொன்ன மனிதர், அவர் மட்டும் அந்த ஏற்பாட்டைத் தனக்குச் செய்துகொள்ளாமல் போய்விட்டார்.

திருகோணமலையிலிருந்து திரும்பிய அன்று, பொழுது சாய்வதற்குள் மாத்தளைக்கு வந்துவிட்டோம். கோயில் வாசல் நெருங்கியதும் டீச்சர் கண் விழித்து, "நானா, நிறுத்துங்க" என்றார். இறங்கி நேரே செல்வியின் தட்டுக்கு முன்னால் போய் நின்றார். கோயிலுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

"ஒரு முழம் குடு செல்வி."

செல்வி விழித்தாள். "காலையிலதானே டீச்சர் கடலுக்கு வாங்கினீங்க? இது யாருக்கு?"

"எனக்கு."

செல்வியின் கை சரத்தின் மேல் அப்படியே நின்றது. பிறகு அளந்தாள். ஒரு முழத்துக்கு அளக்கத் தொடங்கி, அளந்துகொண்டே போனாள். காசை நீட்டியபோது தலையை ஆட்டிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

டீச்சர் என்னிடம் திரும்பி, "குத்தி விடுங்க ராணி" என்றார். கையோடு கொண்டுவந்திருந்த பழைய சரத்தையும் சேர்த்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஊசி இல்லை. அவர் கொண்டையில் பல காலமாகப் பூவுக்கென்று ஒரு ஊசி இருந்ததே இல்லை. என் தலையில் இருந்ததோ ஒரு ரப்பர் வளையம். செல்வியும் தட்டைக் கிளறிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

வேன் கதவு திறந்த சத்தம் கேட்டது. நானா பின்னால் போய்ச் சாமான் பெட்டியைக் கிளறினார். படகின் பெட்டரி வயரிலிருந்து முதலைக் கிளிப் ஒன்றைக் கழற்றி, சாரத்து நுனியால் நன்றாகத் துடைத்து, எங்கள் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினார்.

"இது புடிக்கும் தங்கச்சி. நல்ல கிளிப்பு. விடாது."